தம்போய் பட்டறையில் டி.இசட்.எம். 150: பவர் வால்வு வேலைக்கு நம்பிப் போகலாமா?

போகலாம். அவசரம் உள்ளவர்கள் மட்டும் போக வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் புகை வெளியேறும் துளையை இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப மாற்றுகிற இந்தப் பவர் வால்வைச் சரியாக வைத்துத் தரும் ஆளைத் தேடி அலைகிற டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்காரர்கள் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடை ஜொகூர் பாருவில் தம்போய் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். பெயரை எழுத வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலையே அவருக்கும் உதவியாளுக்கும் மலையாகக் கிடக்கிறது. வருகிற எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், மலாய்க்காரப் பையன்கள் உட்பட. நானும் அண்ணன் என்றே எழுதுகிறேன். அந்தப் பக்கத்து டூ-ஸ்ட்ரோக் ஆட்கள் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

என் வண்டி 1997-இல் பதிவான யமஹா டி.இசட்.எம். 150. ஒற்றை சிலிண்டர், நீர்க் குளிர்ச்சி, ஆறு கியர். சிங்கப்பூரின் 2பி மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு உள்ள 200 சிசி வரம்புக்குள் வருகிற வண்டிகளில் இதற்கு ஈடாக நான் வேறொன்றை ஓட்டியதில்லை. ஆனால் கடந்த ஆண்டு முழுக்க இதில் ஒரு தொல்லை. சிக்னலிலிருந்து கிளம்பும்போது கிளட்சை வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் நகரும். இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றை எட்டும் வரை இழுவையே கிடையாது. ஏழாயிரத்தைத் தாண்டியதும் ஒரேயடியாகப் பாயும். ஈரச் சாலையில், வளைவின் நடுவில், அந்தப் பாய்ச்சல் ஆபத்தானது.

சிங்கப்பூரில் ஒரு கடையில் காட்டினேன். கார்புரேட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டி அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள். பிறகு குறைந்த சுற்றுக்கான பைலட் ஜெட், அப்புறம் கலவை உள்ளே போகும் வழியில் உள்ள ரீட் இதழ்கள். பில் ஏறியதே தவிர வண்டி மாறவில்லை. பிளக் மட்டும் கறுத்துப்போனது. பவர் வால்வைப் பார்த்தீர்களா என்று கேட்டால், “சாவி போட்டால் சர்வோ சத்தம் கேட்கிறது, அது வேலை செய்கிறது” என்றார்கள். சர்வோ என்பது கேபிளை இழுத்து வால்வைத் திருப்புகிற சின்ன மோட்டார். கேபிளைக்கூடத் தாங்களே சரிசெய்துவிட்டதாகச் சொன்னார்கள். இந்தப் பதிலைப் பல கடைகளில் கேட்கலாம். சர்வோ சத்தம் போடுவதற்கும் வால்வு சரியான இடத்தில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை எனக்குக் கண்ணால் காட்டியது தம்போய் பட்டறைதான்.

பவர் வால்வு என்ன செய்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் துளை சிலிண்டர் சுவரில் இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தத் துளை திறக்கும். துளையின் மேல் விளிம்பு உயரமாக இருந்தால் சீக்கிரம் திறக்கும், நீண்ட நேரம் திறந்திருக்கும். அதிவேகச் சுற்றுக்கு அது வேண்டும், ஏனென்றால் அங்கே புகை வெளியேற நேரமே இருக்காது. குறைந்த சுற்றில் அதே உயரம் கெடுதல். எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்கு முன்பே அழுத்தம் வெளியே போய்விடும், புதிதாக வந்த பெட்ரோல் கலவையும் கூடவே ஓடிவிடும். ஆகவே துளையின் கூரையில் ஓர் உருளையை வைத்து, குறைந்த சுற்றில் விளிம்பைத் தாழ்த்துவதும் சுற்று ஏற ஏற உயர்த்துவதும்தான் யமஹாவின் ஒய்.பி.வி.எஸ்., அதாவது யமஹா பவர் வால்வ் சிஸ்டம். உருளையின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும். அதைத் திருப்ப ஒரு கப்பி, கப்பியை இழுக்க இரண்டு கேபிள், கேபிளை இழுக்க ஒரு சர்வோ மோட்டார், சர்வோவுக்கு உத்தரவு கொடுக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி.

1977-இல் 500 சிசி கிராண்ட் பிரி பந்தய வண்டியில் யமஹா இதைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு கென்னி ராபர்ட்ஸ் 500 சிசி உலகப் பட்டம் வென்றதும் யமஹாவில்தான். 1983 ஆர்.டி. 350 எல்.சி.யோடு அது சாலைக்கு இறங்கியது. ஹோண்டா, கவாசாகி, சுஸுகி எல்லாரும் தங்கள் வழியில் ஒவ்வொன்றைச் செய்தார்கள். அண்ணன் கடையில் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது ஹோண்டா என்.எஸ்.ஆர். 150, அதிலிருப்பது ஹோண்டாவின் சொந்தப் பவர் வால்வான ஆர்.சி. வால்வு. “ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு கை வைக்கிறவன்தான் கெடுத்து வைக்கிறான்” என்றார் அண்ணன்.

இனி வேலைக்கு வருகிறேன். அவர் முதலில் கேட்டது ஜெட் நம்பரை அல்ல, பேட்டரியின் வயதை. மல்டிமீட்டரை வைத்து அளந்தார், கூடவே சார்ஜரையும் மாட்டினார். மின்னழுத்தம் குறைந்தால் சர்வோ பாதி வழியில் திணறும், அந்த நிலையில் பார்த்த எதையும் நம்ப முடியாது என்பது அவர் கணக்கு. பிறகு கப்பியின் மூடியைக் கழற்றிவிட்டு என்னைச் சாவி போடச் சொன்னார்.

சர்வோ ஓடியது. கப்பி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்து நின்றது. யமஹா வண்டிகளில் சாவி போட்டதும் வால்வு தானே ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிக்கொள்ளும். கரி பிடிக்காமல் இருக்க உதவும் ஏற்பாடு அது. நின்ற இடத்தைப் பார்த்தால், கப்பியில் உள்ள அடையாள வெட்டு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து நன்றாகவே தள்ளி நின்றது. நானாக இருந்தால் உடனே கேபிள் அட்ஜஸ்டரைத் திருகியிருப்பேன்.

“கேபிள்ல கை வைக்காத தம்பி. மொதல்ல வால்வு சொந்தமா சுத்துதான்னு பாப்போம்.”

இரண்டு கேபிளையும் கப்பியிலிருந்து கழற்றிவிட்டு விரலால் திருப்பினார். பிறகு என் கையையும் வைக்கச் சொன்னார். பாதித் தூரம் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கு மேல் ஓர் இடத்தில் பிடித்தது, அழுத்தினால்தான் தாண்டியது. கப்பிக்குப் பின்னால் கறுப்பு எண்ணெய் கசிந்து பரவியிருந்ததையும் காட்டினார். ஓ-ரிங்கும் எண்ணெய் சீலும் காய்ந்துவிட்டதற்கு அடையாளம். இப்படி இறுகிய வால்வுக்குக் கேபிளை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் நிற்காது, சர்வோதான் சீக்கிரம் தேயும்.

உருளை வெளியே வந்தபோது அதன் வெட்டுப் பகுதி முழுக்க வெல்லப்பாகு பதத்தில் கறுப்புக் கசடு. அதற்கு அடியில் கல்லாக இறுகிய கரி. நகரத்தில் குறைந்த சுற்றிலேயே ஓடுகிற வண்டிக்கும், எண்ணெய் பம்ப் கூடுதலாகத் திறந்திருக்கிற வண்டிக்கும் இதுதான் நடக்கும் என்றார். என் வண்டியில் இரண்டுமே உண்டு. அவர் உப்புத்தாளைத் தொடவே இல்லை. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, மீண்டும் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டினார். உருளைக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உருளை ஆடத் தொடங்கிவிடும்.

அடுத்துச் செய்ததுதான் இந்தக் கடையை மற்றக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. எக்ஸாஸ்ட் குழாய் கழன்றிருக்கும்போதே உருளையைத் திரும்ப மாட்டி, முழுக்கத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு, துளைக்குள் சின்ன எல்.இ.டி. விளக்கை நீட்டினார். பிறகு ஒரு சாத்தே குச்சியை எடுத்தார், நாம் சாப்பிடுகிற அதே சாத்தே குச்சிதான். அதன் மழுங்கிய முனையைத் துளையின் கூரையில் வைத்து வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இழுத்தார். உருளையும் பிளாக்கும் சேர்கிற கோட்டில் குச்சி தட்டக் கூடாது. தட்டினால் அங்கே ஒரு படி இருக்கிறது என்று அர்த்தம், புகை அதில் இடித்துக்கொண்டுதான் வெளியேறும். என் கையில் குச்சியைக் கொடுத்தார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கப்பியை அவர் ஒரு மயிரிழை திருப்பினார், உடனே குச்சி தட்டியது. திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார், வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடத்துக்குக் கப்பியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். கம்பெனி போட்ட அடையாளத்துக்கும் அவர் கோட்டுக்கும் சின்ன வித்தியாசம் இருந்தது. இத்தனை வருடம் ஓடி, பல கைகள் பட்ட பிளாக்கில் அப்படி இருப்பது இயல்பு, துளை என்ன சொல்கிறதோ அதைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான்.

மூடிய நிலையில் வேறொரு சோதனை. கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டனை உருளையைக் கடந்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் உரசவில்லை. இதைச் செய்யாமல் எந்தப் பவர் வால்வு வண்டியையும் மூடக் கூடாது. உருளை பிஸ்டனில் பட்டால் இன்ஜின் போயிற்று.

கேபிள் வைப்பது இதற்கெல்லாம் பிறகுதான். சார்ஜர் மாட்டியபடியே சாவி போட்டு, சர்வோ ஒரு சுற்று முழுக்க முடித்து மூடிய நிலையில் நிற்கும் வரை காத்திருந்தார். அந்த நிலையில்தான் இரண்டு கேபிளையும் மாட்டினார். இரண்டிலும் ஒரே அளவு, விரலால் அசைத்தால் மட்டும் தெரிகிற தளர்வு. பிறகு நட்டை இறுக்கிவிட்டுச் சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தார். முந்திய கடையில் என்ன நடந்திருக்கும் என்பதற்கும் இங்கேதான் விளக்கம் கிடைத்தது. சர்வோ ஓடி முடிப்பதற்குள் சாவியை எடுத்துவிட்டால் அது பாதி வழியில் நின்றுவிடும். அந்த இடத்தை ‘மூடியது’ என்று எடுத்துக்கொண்டு கேபிளை வைத்தால், அதற்குப் பிறகு வால்வு என்றைக்குமே முழுக்க மூடாது. என் வண்டியில் மூடிய நிலையிலேயே கால்வாசி திறந்துதான் இருந்தது. சர்வோ சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றி மாட்டிய வண்டிகள்கூட அவரிடம் வந்திருக்கின்றனவாம். அப்படி மாட்டினால் எல்லாம் தலைகீழ்: குறைந்த சுற்றில் திறந்து, அதிகச் சுற்றில் மூடும். சாவி போட்டால் அதிலும் அதே சத்தம்தான் வரும்.

சர்வோவின் உள்ளே இருந்து கப்பி நிற்கும் இடத்தை அறிவிக்கிற பொட்டென்ஷியோமீட்டரையும் மீட்டரில் பார்த்தார். கப்பி நகர நகர எண் சீராக மாற வேண்டும், நடுவில் குதித்தால் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. என்னுடையது தப்பித்தது. கடைசியாக எக்ஸாஸ்டை மாட்டி, இன்ஜின் சூடான பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றினார். சுற்றைக் காட்டும் டேக்கோ மீட்டரின் ஊசி ஆறாயிரத்தை ஒட்டி வரும்போது கப்பி அசையத் தொடங்கியது, சுற்று ஏற ஏறக் கோட்டை நோக்கி நகர்ந்தது, ஆக்சிலேட்டரை விட்டதும் திரும்ப வந்து மூடியது. இதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை வாங்கிக்கொண்டு போகாதே என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்கிறார்.

மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்கே மாற்றிவிட்டார். வால்வு சரியாகும் வரை கார்புரேட்டரைத் தொட மாட்டேன் என்பது அவர் பிடிவாதம், அது சரியான பிடிவாதம். குறைந்த சுற்றில் கலவை வெளியே ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு ஜெட் மாற்றுவது வீண் செலவு.

ஓட்டத்தைப் பற்றி: கோத்தா திங்கி சாலையில் போய்ப் பார்த்தேன். நாலாயிரத்திலிருந்தே வண்டி இழுக்கிறது. மூன்றாம் கியரில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது கியரைக் குறைக்காமலே முந்த முடிகிறது. ஏழாயிரத்தில் இருந்த அந்த முரட்டுப் பாய்ச்சல் போய், இழுவை படிப்படியாக ஏறுகிறது. சும்மா நிற்கும்போது சுற்று ஒரே நிலையில் நிற்கிறது, பின்னால் புகையும் குறைந்திருக்கிறது. உச்ச வேகம் மாறவில்லை, மாறவும் வேண்டியதில்லை, ஏனென்றால் முழுக்கத் திறந்த நிலை முன்பும் கிட்டத்தட்டக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பவர் வால்வு செட்டிங் செய்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதனால் கிடைப்பது நடுச்சுற்றின் இழுவை. அன்றாடம் ஓட்டுகிறவனுக்கு அதுதான் வண்டி.

வால்வைக் கம்பி போட்டுத் திறந்தே கட்டிவைப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் நன்றாக இருக்கும், மேலே பறக்கும் என்பார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த ஓர் அமைப்பை முடக்கிவைப்பது எனக்கு மனசு கேட்காத விஷயம். அண்ணன் அந்த வேலையை எடுப்பதே இல்லை. நான் இருந்தபோதே ஒரு பையன் கேட்டான், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்.

குறைகளும் இருக்கின்றன, சொல்லத்தான் வேண்டும். வியாழன் முடியும் என்றார், சனிக்கிழமைதான் கொடுத்தார். இடையில் தொலைபேசியை எடுக்கவில்லை, அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. வண்டியை விட்டுவிட்டு லார்கின் பேருந்து நிலையத்திலிருந்து 170 பேருந்தில் கடற்பாலம் தாண்டி வீடு திரும்பியவனுக்கு, முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி கிளம்புவது எவ்வளவு சிரமம் என்பது அவருக்குப் புரியவில்லை. எழுதிய பில் கிடையாது. கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், அது நல்ல பழக்கம், ஆனாலும் என்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அடுத்த மெக்கானிக்குக்கு உதவும். வயரிங் வேலை செய்ய மாட்டார். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது என்றால் வேறு ஆளைத்தான் தேட வேண்டும். உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.

கூலி 180 ரிங்கிட். ஓ-ரிங், எண்ணெய் சீல், புதுக் கேபிள் இரண்டுக்கும் தனி. கேபிளின் உள்கம்பியை அவரே நீளம் அளந்து வெட்டி, முனைக்குண்டைப் பற்றவைத்துச் செய்கிறார். புதுக் கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் தளரும் என்பதால் 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார், அந்தச் சரிபார்ப்புக்குக் காசு வாங்கவில்லை. பார்த்த வேலைக்கு இது நியாயமான விலை என்றே சொல்வேன்.

2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் மாதத்தோடு சிங்கப்பூர்ச் சாலைகளிலிருந்து விலக வேண்டும் என்ற விதியைக் காட்டி, இன்னும் கொஞ்ச காலம்தானே, இதற்குப் போய் ஏன் செலவு செய்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கொஞ்ச காலமும் வண்டி யமஹா நினைத்தபடி ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதோடு, சரியாக மூடுகிற வால்வு எரியாத பெட்ரோலைக் குறைவாகத்தான் காற்றில் விடும். பழைய டூ-ஸ்ட்ரோக்குகள் மேல் உள்ள பெரிய புகாரே அதுதான்.

எண்ணெயை அண்ணன் சொன்னபடி கரி குறைவாகச் சேரும் ஜாசோ எஃப்.டி. தரத்துக்கு மாற்றிவிட்டேன், பம்பையும் அவர் அளந்து குறைத்துவைத்திருக்கிறார். கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அடுத்த ஆண்டு உருளையைக் கழற்றிப் பார்ப்பதாகப் பேச்சு.

போக நினைப்பவர்கள் வார நாளில், காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். சனிக்கிழமை கடை நிரம்பி வழியும். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் உடனே காட்டலாம், சூடான இன்ஜினில் வால்வு எப்படி நகர்கிறது என்று அவரே பார்க்க விரும்புகிறார். கேபிள் அறுந்து போயிருந்தால் பழையதைத் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு கொண்டு போங்கள், நீளம் அளக்க அவருக்கு அது தேவைப்படும்.